‘திருகோணமலை’ என்று தேடினால் பாதிதான் அகப்படுகிறது: வேர்ட் கோப்பில் ஒளிந்திருக்கும் குறிகள்

மலர்க்குழுச் செயலாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நலன்புரிச் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கும் பொறுப்பு இம்முறை என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டுரை தந்தவர்கள் 23 பேர். சிலர் வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். மூத்தவர்கள் இருவர் பாமினி எழுத்துருவில் எப்போதோ அடித்து வைத்திருந்ததைப் பென்டிரைவில் கொண்டுவந்து தர, அவற்றை இணையத்திலுள்ள மாற்றி ஒன்றில் இட்டு, எழுத்துக்கு ஓர் எண் என்ற பொதுமுறையான யூனிகோடாக்கினேன். எல்லாவற்றையும் ஒரே வேர்ட் கோப்பில் ஒட்டிச் சேர்த்ததில் 112 பக்கங்கள் வந்துள்ளன. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பீடிஎப் கையில் இருக்கவேண்டும் என்கிறார் அச்சகத்தார்.

பந்திகளை இருபுறமும் சமப்படுத்திய பின்னர், சில வரிகளில் மூன்றே சொற்கள் ஒன்றையொன்று கோபித்துக்கொண்டவைபோல விலகி நிற்கின்றன. கடைசியில் வரும் வரவு செலவு அட்டவணைக்குப் பின்னால் ஒரு வெறும் பக்கம் இருக்கிறது. விரல் நோக அழித்துப் பார்த்தும் அது போகவில்லை. ‘திருகோணமலை’ என்று தேடினால் 41 இடங்களைக் காட்டுகிறது. ஆனால் அச்செடுத்த பிரதியில் நான் பென்சிலால் கோடிட்டு எண்ணியபோது அச்சொல் 68 இடங்களில் இருந்தது. இவை போதாதென்று நேற்றிரவு என் மகள் ஏதோ விசையை அழுத்திவிட, பக்கம் முழுவதும் புள்ளிகளும் அம்புகளும் ¶ என்றொரு குறியும் எறும்பு மொய்த்தாற்போல் வந்துவிட்டன. சில தலைப்புகளின் இடப்பக்கத்தில் சிறிய கறுப்புச் சதுரங்களும் தெரிகின்றன. கோப்பில் வைரஸ் ஏறிவிட்டதா? இவையெல்லாம் அச்சிலும் வருமா? தெரிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.


கச்சேரியடித் தட்டச்சாளர்

செயலாளர் ஐயா, அது வைரஸ் அல்ல. உங்கள் மகள் அழுத்தியது கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 8. ஹோம் பட்டியில் பந்திக்குரிய பகுதியில் இருக்கும் ¶ பொத்தானும் அதே வேலையைத்தான் செய்யும். இன்னொரு முறை அழுத்தினால் மறைந்துவிடும். அச்சிலும் வராது, பீடிஎப்பிலும் வராது. ஆனால் தயவுசெய்து இப்போது மறைக்க வேண்டாம். உங்கள் மற்றக் கேள்விகளுக்கு விடை காண்பதற்கு வேண்டிய விளக்கை அந்தப் பிள்ளை ஏற்றிவைத்திருக்கிறது.

இந்தக் குறிகள் நேற்றுப் புதிதாக வந்து சேர்ந்தவை அல்ல. ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் என்டரைத் தட்டினாலும் ‘அ’ என்று அடித்ததற்குச் சமமாக ஓர் எழுத்து கோப்பில் பதிகிறது. அதற்கு உருவமில்லை என்பதனால் நாம் இல்லையென்று எண்ணிக்கொள்கிறோம். சொற்களுக்கிடையே வரியின் நடு உயரத்தில் நிற்கும் புள்ளி ஒரு ஸ்பேஸ். வலம் நோக்கிய அம்பு டேப் விசை. ¶ என்டர். கீழிறங்கி இடப்பக்கம் வளையும் அம்பு, ஷிப்டுடன் என்டர் அழுத்தி வரியை மட்டும் முறித்ததற்கான அடையாளம். பாகைக் குறியைப் போன்ற ° என்ற சிறு வட்டம், இரு சொற்களை வரியீற்றில் பிரியவிடாமல் கட்டிவைக்கும் பிரியா இடைவெளி. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும் ¤ அந்தக் கட்டத்தின் முடிவு.

இவற்றுள் ¶ தான் பெரியவர். பந்தி முடிந்தது என்று சொல்வதோடு அவர் வேலை முடிவதில்லை. அந்தப் பந்தியின் ஓரம், வரியிடைவெளி, சமப்படுத்தல் ஆகிய ஒழுங்குகள் அனைத்தையும், ஆச்சிமார் சேலைத் தலைப்பில் காசு முடிந்து வைப்பதைப் போல, அந்தக் குறிதான் முடிந்து வைத்திருக்கிறது. அதனை அழித்தால் பந்தி அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அடுத்ததன் உடையையே உடுத்திக்கொள்ளும். ‘ஒன்றுமே செய்யவில்லை, தலைப்பு தானாகவே சிறுத்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களில் பலர், ஒன்றும் இல்லாத இடத்தை அழிப்பதாக எண்ணி இந்த முடிச்சைத்தான் அவிழ்த்திருப்பார்கள்.

கறுப்புச் சதுரங்களும் அச்சில் வரா. ‘இப்பந்தியை அடுத்த பந்தியிலிருந்து பிரிக்காதே’ என்ற கட்டளை அந்தத் தலைப்புக்கு இடப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நின்றுவிடாமல் காப்பது அதுதான். அப்படியே விட்டுவிடுங்கள்.


மலர்க்குழுச் செயலாளர்

மிக்க நன்றி ஐயா. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. நீங்கள் சொன்ன கண்ணோடு 14ஆம் பக்கத்தைப் பார்த்தேன். பத்திரகாளி அம்பாள் கோயில் வீதியில் அக்காலத்தில் இருந்த கடைகளைப் பற்றிய கட்டுரை அது. முதற்பந்தி டேப் அம்பில் தொடங்குகிறது, இரண்டாம் பந்தி ஏழு நடுப்புள்ளிகளில் தொடங்குகிறது, மூன்றாவது ஐந்தில். கட்டுரை முடிந்தபின் வரிசையாகப் பதினெட்டு ¶ குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்று அடுத்த கட்டுரையை மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பார்க்கவே வெட்கமாக இருக்கிறது, ஏனெனில் அந்தப் பதினெட்டையும் தட்டியவன் நானே.


கச்சேரியடித் தட்டச்சாளர்

வெட்கப்பட ஒன்றுமில்லை ஐயா. நம் வயதினர் கற்றது தட்டச்சுப் பொறியில். அதில் தாள் மேலே ஏறவேண்டுமானால் வரிக்கு வரி தள்ளத்தான் வேண்டும். பந்தியின் தொடக்கத்தில் இடம் வேண்டுமானால் ஐந்து முறை தட்டத்தான் வேண்டும். கை கற்றதைக் கணினி வந்தவுடன் மறந்துவிடுமா? ஆனால் பொறியில் அடித்த தாள் அப்படியே கிடக்கும், கோப்பு அப்படிக் கிடக்காது. முதல் கட்டுரையில் இரண்டு வரிகளைக் கூட்டினால் அந்தப் பதினெட்டுக் குறிகளும் இரண்டு வரி கீழிறங்கி, அடுத்த கட்டுரையின் தலைப்பைப் பக்கத்தின் உச்சியிலிருந்து கீழே இறக்கிவிடும். பதினெட்டையும் எடுத்துவிட்டு கன்ட்ரோலுடன் என்டரை ஒருமுறை அழுத்துங்கள். ‘பக்கமுறிப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய புள்ளிக்கோடு ஒன்று தோன்றும். அதற்குப்பின் எத்தனை வரி கூட்டினாலும் குறைத்தாலும் அடுத்த கட்டுரை புதுப்பக்கத்திலேயே தொடங்கும்.


உப்புவெளி ரீச்சர்

விலகி நிற்கும் சொற்களைப் பற்றி நான் சொல்கிறேன். தரம் 10, 11 மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் இதே காட்சியைக் காண்கிறேன்.

அப்படி இழுபட்ட வரியின் ஈற்றில் என்ன குறி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வளைந்த அம்பு இருந்தால், கட்டுரையாளர் ஷிப்டுடன் என்டர் அழுத்தியிருக்கிறார் அல்லது இணையப் பக்கம் ஒன்றிலிருந்து கொப்பி செய்திருக்கிறார். வேர்ட்டின் கணக்கில் பந்தி அங்கே முடியவில்லை. முடியாத பந்தியின் நடுவரி என்று கருதி, இருக்கும் மூன்று சொற்களையும் இரு ஓரங்களுக்குமாக இழுத்துக் கட்டுகிறது. ¶ இருந்திருந்தால் கடைசி வரி என்று அறிந்து இடப்பக்கத்தோடு விட்டிருக்கும். இத்தகைய வரிகளை இழுக்காமல் விடுவதற்கு வேர்ட்டின் மேம்பட்ட தெரிவுகளின் அடியில் ஒரு கட்டம் உண்டு; ஆயினும் உண்மையில் பந்தி முடியும் இடமாயின் ¶ ஆக மாற்றிவிடுவதே சரி. தேடி மாற்றும் பெட்டியில் தேடவேண்டியதாக ^ குறியையும் அதனோடு ஒட்டி ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தையும், மாற்றவேண்டியதாக ^ குறியையும் சிறிய ‘பி’ எழுத்தையும் இடுங்கள். செய்யுள் வரும் பக்கங்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். வெண்பாவின் நான்கு அடிகளும் ஒரே பந்திக்குள் வளைந்த அம்போடு இருப்பதே நல்லது. அப்போதுதான் ஒவ்வோர் அடிக்கும் இடையில் பந்தியிடைவெளி விழாது.

வரியீற்றில் வளைந்த அம்பு இல்லாமலும் வரி இழுபட்டிருந்தால், அடுத்த வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். சொற்களுக்கிடையே நடுப்புள்ளிக்குப் பதிலாக ° வட்டங்கள் தெரியும். இணையத்திலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் ஒட்டியவற்றில் இவை சாதாரணமாக வந்து ஏறும். வட்டத்தால் கட்டப்பட்ட நான்கு சொற்களை வேர்ட் ஒரே நெடுஞ்சொல்லாகக் கருதும். தமிழில் சொற்கள் இயல்பாகவே நீளம், அதிலும் நான்கு சேர்ந்தால் வரியில் எங்கே இடமிருக்கும்? மொத்தமாக அடுத்த வரிக்குப் போய்விட, மேல்வரியில் மிஞ்சியவை வெற்றிடத்தை நிரப்ப விலகி நிற்கின்றன. ^ குறியோடு சிறிய ‘எஸ்’ எழுத்தை இட்டுத் தேடி, சாதாரண ஸ்பேஸாக மாற்றலாம்.


பாலையூற்று மாணவன்

வணக்கம். நான் லிப்ரே ஓபிஸ் பயன்படுத்துகிறேன். அதில் கன்ட்ரோலுடன் எப்10 அழுத்தினால் இதே குறிகள் தெரியும். கூகிள் டொக்ஸிலும் காட்சிப் பட்டியில் அச்சாகாக் குறிகளைக் காட்டும் தெரிவு இருக்கிறது.

தட்டச்சாளர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சிறு ஐயம். வேர்ட் 2007 முதல் வரும் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. பெயரின் ஈற்றை மாற்றிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பந்திகள் வெறும் எழுத்தாகத் தெரியும். அங்கே பந்தியின் ஒழுங்குகள் பந்தியின் தொடக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, ஈற்றில் அல்ல. அப்படியானால் ¶ குறியில் அவை முடிந்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது சரிதானா?

இன்னொன்று. பீடிஎப்பிலிருந்து எடுத்த கட்டுரையில் ஒவ்வொரு வரியீற்றிலும் ¶ வந்துவிட்டால், முதலில் அடுத்தடுத்து வரும் இரண்டு ¶ குறிகளை வேறொரு சொல்லாக மாற்றி, பிறகு எஞ்சிய ¶ எல்லாவற்றையும் ஸ்பேஸாக்கி, இறுதியில் அந்தச் சொல்லை மீண்டும் ¶ ஆக்கினால் பந்திகள் ஒழுங்காகிவிடும். இதை நான் செய்தபோது அந்த இடைக்காலச் சொல்லாகப் ‘பந்தி’ என்பதையே வைத்துவிட்டேன். கட்டுரையோ கோயில் அன்னதானத்தைப் பற்றியது. மூன்றாம் படி முடிந்தபோது, பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள்.


கச்சேரியடித் தட்டச்சாளர்

தம்பி, பொதிக்குள் எங்கே எழுதியிருக்கிறதென்பதில் நீங்கள் சொல்வதே சரியாக இருக்கட்டும். திரையில் வேலை செய்கிறவனுக்கு அது ¶ குறியோடு வந்து ¶ குறியோடு போகிறது. ஒரு பந்தியை அதன் ¶ குறியோடு சேர்த்துத் தெரிவு செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், பிறகு குறியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஒட்டிப் பாருங்கள். முதலாவது தன் உடையோடு வரும், இரண்டாவது போன வீட்டு உடையை உடுத்தும். மூன்று ‘#’ குறிகளை இடைக்காலச் சொல்லாக வைத்திருந்தால் சாப்பாடும் நடந்திருக்கும்.

செயலாளர் ஐயாவின் வெறும் பக்கத்துக்கு வருகிறேன். அட்டவணையோடு கோப்பு முடிந்துவிட முடியாது. அட்டவணைக்குப் பின் ஒரு ¶ கட்டாயம் இருந்தே தீரவேண்டும் என்பது வேர்ட்டின் விதி. உங்கள் அட்டவணை பக்கத்தின் அடிவரை நிரம்பிவிட்டதால் அந்த ஒற்றைக் குறி நிற்க இடமின்றி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. எனவே எத்தனை தரம் அழித்தாலும் போகாது. அதைத் தெரிவு செய்து எழுத்தளவு 1 என்று கொடுங்கள். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பூச்சியமாக்கி, வரியிடைவெளியை ஒற்றையாக்குங்கள். அட்டவணையின் அடியிலேயே ஒடுங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்த அட்டவணைப் பக்கம் படுக்கைவாட்டில் இருக்கிறதா? இருந்தால் அதற்கு முன்னால் இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று தெரியும். அது பிரிவுமுறிப்பு. அதைத் தொடவேண்டாம். ஒரு முறை ஓர் அலுவலகத்தின் ஆண்டறிக்கையை இரவோடிரவாக முடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் அடியில் தேவையற்ற கோடு கிடக்கிறதென்று அதை அழித்தேன். 90 பக்கங்களும் மரம் சாய்ந்ததுபோல் படுக்கையில் விழுந்தன. பிரிவுமுறிப்பு, தனக்கு முன்னுள்ள பக்கங்களின் திசை, ஓரம், தலைக்குறிப்பு ஆகியவற்றைத் தாங்குவது. அது போனால் முன்னுள்ளவை பின்னுள்ள பிரிவின் கோலத்தை எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலுடன் இஸட் என்ற மீட்பு இருந்திராவிட்டால் அன்றிரவு நான் உறங்கியிருக்க மாட்டேன்.


மலர்க்குழுச் செயலாளர்

வெறும் பக்கம் ஒழிந்தது. இரட்டைக் கோட்டை நான் தொடவில்லை. அட்டவணை படுக்கையிலும் மற்றவை நேராகவும் இருக்கின்றன.

பாமினியிலிருந்து மாற்றிய கட்டுரையில் ஒரு வேடிக்கை. அதை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒற்றுப்பிழைகூட விடாதவர். ஆனால் இரண்டு பந்திகள் ‘துமிழ்’ என்று தொடங்குகின்றன. வரியின் நடுவில் வரும்போது ‘தமிழ்’ என்று ஒழுங்காக இருக்கிறது. அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.


கச்சேரியடித் தட்டச்சாளர்

கேட்காதீர்கள், அவர்மேல் பிழையில்லை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டது. ஆங்கிலச் சிறிய ‘ஜே’ அதில் ‘த’. பெரிய ‘ஜே’ ‘து’. வசனத்தின் முதலெழுத்து சிறிய எழுத்தாக இருப்பதைக் கண்ட வேர்ட், இவர் ஆங்கிலம் எழுதுகிறார் என்று எண்ணிப் பெரிய எழுத்தாகத் திருத்திவிட்டது. தமிழ் துமிழானது அப்படித்தான். ‘மலை’ என்று தொடங்கும் வசனம் ‘முலை’ ஆகி ஓர் அழைப்பிதழ் அச்சுக்குப் போகவிருந்ததைக் கடைசி நேரத்தில் தடுத்தவன் நான். அதற்குமேல் அந்தக் கதையைச் சொல்வது முறையல்ல. மாற்றி என்பது திருத்திய எழுத்தையே நம்பி யூனிகோடாக்கும். ஆகவே பாமினியிலிருந்து வந்த கட்டுரைகளில் ஒவ்வொரு வசனத்தின் முதலெழுத்தையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். இதற்குக் குறி எதுவும் உதவாது.


பாலையூற்று மாணவன்

இப்படி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா? கோப்பு முழுவதிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கிவிடலாம். அகலமற்ற இடைவெளியின் யூனிகோட் எண் 8203, எழுத்துகளைக் கூடாமல் விலக்குவது 8204, கூட்டி இணைப்பது 8205. தேடும் பெட்டியில் ^ குறியையும் சிறிய ‘யு’ எழுத்தையும் இட்டு, அவற்றோடு எண்ணை ஒட்டி எழுதித் தேடி, மாற்றும் பெட்டியை வெறுமையாக விட்டால் மூன்று நிமிடத்தில் கோப்பு சுத்தமாகிவிடும். ‘திருகோணமலை’ அகப்படாததற்கும் இவைதான் காரணமாக இருக்கவேண்டும்.


கிண்ணியா மொழிபெயர்ப்பாளர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி, கொஞ்சம் பொறுங்கள். செயலாளர் அவர்களே, உங்கள் மலரில் சிங்களத்தில் வாழ்த்துச் செய்தி எதுவும் இருக்கிறதா? நம் மாவட்டத்து மலர்களில் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். இருந்தால் 8205ஐத் தொடவே வேண்டாம்.

சிங்களத்தில் சில கூட்டெழுத்துகளை உருவாக்குவதே அந்த எண்ணுக்குரிய எழுத்துத்தான். ‘ஸ்ரீ லங்கா’ என்பதிலுள்ள ஸ்ரீ, ‘பிராதேசிய’ என்பதிலுள்ள பிர, இவை எல்லாம் இரண்டு மெய்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாமல் அந்த இணைப்பான் நிற்பதனால்தான் ஒரே வடிவமாகத் தெரிகின்றன. நம் ஊரின் சிங்களப் பெயரான ‘திரிகுணாமலய’ அத்தகைய கூட்டெழுத்தோடுதான் தொடங்குகிறது. இணைப்பானை நீக்கினால் முதலெழுத்து உடைந்து, தலையில் ஒற்றுக்குறி தாங்கிய தகரமும் தனியாக ஒரு ரகரமுமாக நிற்கும். இவ்வாறு ‘சுத்தம்’ செய்யப்பட்ட மும்மொழி அறிவித்தல் ஒன்று என்னிடம் மீள்பார்வைக்கு வந்தது. தமிழும் ஆங்கிலமும் அழகாக இருந்தன; சிங்களப் பகுதியில் ஊர்ப்பெயரே கைகால் முறிந்து கிடந்தது. அனுப்பியவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, ஆகையால் அவர் கண்ணுக்கு அது பிழையாகப் படவில்லை.

தமிழிலும் 8204 எப்போதும் குப்பையல்ல. ககர மெய்யும் ஷகரமும் அடுத்தடுத்து வரும்போது அவை ‘க்ஷ’ என்று கூடிவிடாமல் பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் சிலர் அதை அறிந்தே இடுவார்கள். 8203ஐ நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்ற இரண்டையும் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரேயடியாக அடிக்காமல், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.


பாலையூற்று மாணவன்

மன்னிக்கவும் நானா. சிங்களத்தைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. என்னுடைய ஆய்வறிக்கையின் நன்றியுரையில் சிங்களத்தில் ஒரு வரி இருக்கிறது. இப்போதே போய்ப் பார்க்கிறேன்.


உப்புவெளி ரீச்சர்

‘திருகோணமலை’ அகப்படாததற்கு அந்த மூன்று எண்களும் காரணமாக இருக்க வாய்ப்பிருந்தாலும், எனக்கு வேறொன்றின்மேல்தான் ஐயம். சிக்கல் ‘கோ’வில் இருக்கிறது.

யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக இடுவது ஒரு முறை. அதன் எண் 3019. ககரத்துக்குப் பின் ஏகாரக் கொம்பையும், எண் 3015, அதன்பின் காலையும், எண் 3006, தனித்தனியாக இடுவது மற்ற முறை. திரையிலும் தாளிலும் இரண்டும் மயிரிழை வேறுபாடின்றி ஒன்றாகவே தெரியும். யூனிகோட் விதிகளின்படி இவ்விரண்டும் சமமே. ஆனால் எல்லாத் தேடல்களும் அந்தச் சமத்தை மதிப்பதில்லை. நீங்கள் அடித்துத் தேடும் ‘கோ’ ஒற்றைக் குறியோடு இருந்தால், இரட்டைக் குறியோடு எழுதப்பட்டது அதன் கண்ணில் படாமல் போகலாம். பாமினியில் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளாக அடித்த ‘கோ’வை மாற்றி எவ்வளவு கவனமாகச் சேர்த்தது என்பதைப் பொறுத்தே இது அமையும்.

உறுதிப்படுத்துவது இலகு. தேடலில் அகப்படாத ‘திருகோணமலை’ ஒன்றில் ‘கோ’வுக்கும் ‘ண’வுக்கும் நடுவில் கேர்சரை வைத்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்துங்கள். கேர்சருக்கு முன்னுள்ள எழுத்து தன் குறியீட்டு எண்ணாக மாறும். பதினாறின் அடிப்படையில் வரும் எண் அது. இறுதி இரண்டு இடங்களில் ‘சிபி’ என்று வந்தால் ஒற்றைக் குறி, ‘பிஇ’ என்று வந்தால் அது தனிக் கால். பார்த்தபின் மறுபடியும் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

மாற்றுவதற்கு எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அகப்படாத அந்தச் சொல்லையே கோப்பிலிருந்து கொப்பி செய்து தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். மாற்றும் பெட்டியில் உங்கள் விசைப்பலகையால் புதிதாக அடியுங்கள். கோணேஸ்வரம், கோயில், போன்ற, தோட்டம் என ஓகாரம் வரும் சொற்களும், ஒகரம் வரும் சொற்களும் இதே நோயுடையவையாக இருக்கும். அவற்றையும் இவ்வாறே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு புறக்குறிப்பு. ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று குறிலைக் காட்டும் புள்ளியை இடாமல் விட்டதனால் ‘கொ’ எது ‘கோ’ எது என்று இடம் நோக்கித்தான் அறியவேண்டியிருந்தது. இன்று நாம் எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பை வழக்கில் கொண்டுவந்தவர் 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். கண்ணுக்கு இருந்த குழப்பத்தை அவர் தீர்த்தார்; கணினிக்கு நாம் புதிதாக ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறோம்.


கிண்ணியா மொழிபெயர்ப்பாளர்

ரீச்சர் சொன்னதோடு ‘ஸ்ரீ’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஸகரத்தோடு எழுதிய ஸ்ரீயும், 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட தனி ஶகரத்தோடு எழுதிய ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவமாகத் தெரியும். கோயில் பெயர்கள் நிறைந்த மலரில் இது தேடலையும் கெடுக்கும், அகரவரிசையையும் கெடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. குறிகளை ஏற்றிவைத்திருக்கும்போது, அடியில் புள்ளிக்கோடு இட்ட வாசகம் எங்காவது தெரிந்தால் நின்று வாசியுங்கள். அது மறைவாசகம், எழுதியவர் அழிக்காமல் ஒளித்து வைத்தது. மொழிபெயர்ப்புக்காக ஒருமுறை எனக்கு வந்த கடிதக் கோப்பில், விண்ணப்பகாரரைப் பற்றி அலுவலர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட இரண்டு வரிகள் அவ்வாறு கிடந்தன. அச்சிட்ட கடிதத்தில் அவை இல்லை. ஆனால் அதே கோப்பு விண்ணப்பகாரருக்கும் மின்னஞ்சலில் போயிருந்தது. வேர்ட்டின் தெரிவுகளில் மறைவாசகத்தையும் அச்சிடும்படி ஒரு கட்டம் இருக்கிறது. யாருடைய கணினியில் அது தெரிவு செய்யப்பட்டிருக்கிறதென்று யார் கண்டது? பீடிஎப் எடுப்பதற்கு முன் கோப்புப் பட்டியில் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதியை ஒருமுறை ஓடவிடுங்கள். மறைவாசகம், திருத்தச் சுவடுகள், கருத்துரைகள் அனைத்தையும் அது காட்டித்தரும். பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஏனெனில் அது நீக்கியது சில வேளைகளில் திரும்ப வராது.


மலர்க்குழுச் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை வரையிலான நிலை இது. அகப்படாத 27 இடங்களில் 25, ரீச்சர் சொன்னபடி தனிக் காலோடு எழுதப்பட்ட ‘கோ’. எஞ்சிய இரண்டில் ஒன்றில் ‘திரு’வுக்கும் ‘கோண’வுக்கும் இடையில் 8203 ஒளிந்திருந்தது. மற்றது வேறொன்றுமில்லை, நானே ‘திருக்கோணமலை’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருந்தேன். எது சரி என்று அந்தத் தமிழாசிரியரிடம் கேட்டால் மலர் அடுத்த ஆண்டுதான் வரும்.

மறைவாசகம் ஓரிடத்தில் இருந்தது. ஒருவர் தம் கட்டுரையின் இறுதியில் ‘இதற்குமேல் எழுத நேரமில்லை, செயலாளர் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதி ஒளித்திருந்தார். சிங்கள வாழ்த்துச் செய்தி முழுமையாக இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு தொல்லை. ¶ பொத்தானை அழுத்தினால் புள்ளிகளும் அம்புகளும் மறைகின்றன, ஆனால் ¶ குறிகள் மட்டும் போகாமல் நிற்கின்றன.


உப்புவெளி ரீச்சர்

கோப்புப் பட்டியில் தெரிவுகளுக்குப் போய், காட்சி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தெந்தக் குறிகளை எப்போதும் காட்டவேண்டும் என்ற வரிசையில் பந்திக்குறிக்குரிய கட்டத்தில் சரிக்குறி விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் பொத்தானின் சொல் கேட்கும்.


மலர்க்குழுச் செயலாளர்

கேட்டது. கோப்பை நாளைக் காலை மத்திய வீதியிலுள்ள அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன். அதற்குமுன் தட்டச்சாளர் ஐயா ஒருமுறை கண்ணோட்டம் விட்டால் நிம்மதியாக இருக்கும், மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.


கச்சேரியடித் தட்டச்சாளர்

பார்த்தேன் ஐயா. நன்றாக வந்திருக்கிறது. 31ஆம் பக்கத்தில் நிர்வாகக் குழுவினரின் பெயர்ப்பட்டியலில் ° வட்டங்கள் பதினொன்று இருக்கின்றன. மீதியை எல்லாம் நீக்கிய நீங்கள் இவற்றை மறந்துவிட்டீர்களா?


மலர்க்குழுச் செயலாளர்

மறக்கவில்லை. முன்னெழுத்து வரியின் ஈற்றிலும் பெயர் அடுத்த வரியிலுமாகத் தலைவரின் பெயர் பிரிந்து நின்றது. கன்ட்ரோல், ஷிப்டோடு ஸ்பேஸை அழுத்தி ஒவ்வொருவருக்கும் நானே இட்டேன். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.